எழுநூற்று எண்பத்தாறாம் நம்பர் அறை

கற்பிட்டிப் பக்கம், கண்டக்குழியில் என் லொட்ஜில் மொத்தமே நாலு அறைதான். சாவிப் பலகையில் மட்டும் ஐந்து சாவி தொங்கும். நாலும் புதுச் சாவி. ஐந்தாவது துருப்பிடித்த பழைய அலுமாரிச் சாவி, வாப்பா மௌத்தான பிறகு என்னிடம் வந்தது. அதற்கு மேலே பச்சைப் பெயின்டில் 786 என்று எழுதியிருக்கும். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் கடலில் ஓட வருகிற கொழும்புப் பிள்ளைகள் பையை இறக்கியதும் அதைத்தான் கேட்பார்கள். "அன்டி, நாலு ரூம்தானே இருக்கு? இந்த எழுநூத்தி எண்பத்தாறு எங்க?" "அது எப்பவும் ஆள் இருக்கிற ரூம், மகன்" என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள். நான் பொய் சொல்லவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

உங்களுக்குச் சொன்னால் விளங்கும். தொண்ணூறில் புலிகள் வெளியேற்ற ஊரைவிட்டு வந்து, புத்தளத்துக் கரைத்தீவு அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலில் இருந்து, ஒரே ஒரு டீவிக்கு முன்னால் மணலில் குந்தியிருந்து நாடகம் பார்த்த என் வயதுக்காரர்கள் நீங்கள். கண்ணாடி போடாமல் போனில் வந்த செய்தியை வாசிக்க முடியாத நிலைக்கு எல்லாரும் வந்துவிட்டோம். ஆனாலும் கல்யாண வீடுகளில் சந்திக்கும்போது அந்த அலுமாரிக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறீர்கள். ஒருவர் கண்ணாடி உடைந்தது என்கிறார், இன்னொருவர் அது கட்டில் என்கிறார். நடந்தது எங்கள் வீட்டில். ஆகவே நான் சொல்வதுதான் சரி, கேளுங்கள்.

டீவி லொறிக்காரருடையது. அவர் புத்தளத்து ஆள், அகதி இல்லை. முகாமை அடுத்து அவருக்குக் கல்வீடு. கரண்ட் அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை, லொறியின் பெட்டறியைக் கழற்றித்தான் டீவிக்குக் கொடுப்பார். கறுப்பு வெள்ளை டீவி. சனிக்கிழமை அந்தியில் மஃரிப் தொழுது முடிந்ததும் அதை முற்றத்தில் மேசை போட்டு வைப்பார். ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம், நடுவில் நாங்கள்.

வந்ததற்கு அடுத்த வருஷம் சோளகக் காற்று அடித்த மாதங்கள் முழுக்க ஒரு சிங்கள நாடகம் போனது. அதன் பெயர் ஒருவருக்கும் வாயில் நுழையவில்லை, நாங்கள் 'ஹோட்டல் நாடகம்' என்றே சொன்னோம். கடற்கரையில் ஒரு தங்குவிடுதி. கப்பலில் போன புருஷன் வருவான் என்று ஒரு பெண் அங்கே அறை எடுத்துக் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் லொறிக்காரர் ஒருவர்தான். கதாநாயகி கண்ணைத் துடைத்துத் துடைத்து நீளமாக ஏதோ சொல்லுவாள். எல்லாரும் லொறிக்காரரின் வாயைப் பார்ப்போம். "கவலையாம்" என்பார். "அவ்வளவு நேரம் கதைச்சதுக்கு ஒரு சொல்லா?" என்று பொம்பிளைகள் பக்கமிருந்து சத்தம் வரும். "கன கவலையாம்" என்று திருத்துவார்.

ஒரு விடுதியைப் பற்றிக் குறை சொல்ல எங்களுக்கு முழுத் தகுதி இருந்தது. தலைமன்னாரில் கப்பல் துறைக்குப் பக்கத்தில் என் வாப்பாவுக்கு மாடி வைத்த கடை. கீழே சாப்பாடு, மேலே தங்கும் அறைகள். இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலத்தில் அறை கிடைக்காமல் விறாந்தையில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் உண்டு. கப்பல் நின்ற பிறகும் கடை ஓடியது, நாங்கள் வெளிக்கிட்ட நாள் வரைக்கும் அடுப்பு எரிந்தது. இப்போது அந்த மனிதர் நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்கிறார். முகாமில் ஒருவரோடும் அதிகம் கதைப்பதில்லை. அப்படிப்பட்டவர் நாடகம் தொடங்கிய முதல் நாளே சத்தமாக வாயைத் திறந்தார்.

"ஈ இல்ல" என்றார்.

"என்ன காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் லொறிக்காரர்.

"சாப்பாட்டு மேசையில ஒரு ஈயும் இல்ல. கடல்கரையில ஈ இல்லாமக் கடையா?"

அதோடு பிடித்துக்கொண்டது. மழையில் நனைந்து வருகிற ஆளின் கையில் இருந்த பெட்டி காய்ந்திருந்தது. தேத்தண்ணீர் கிளாசில் தேத்தண்ணீர் இல்லை, தூக்குகிற தூக்கிலேயே தெரிந்தது. அந்த விடுதியை நடத்துகிற கடைக்காரரின் தோள் துண்டு கல்யாண மாப்பிள்ளையின் துண்டு மாதிரி வெள்ளையாக இருந்தது. யன்னலுக்கு வெளியே கடல் என்று எதையோ வரைந்து வைத்திருந்தார்கள், அந்த அலை வாரக் கணக்காக ஒரே இடத்தில் நின்றது. எங்கள் கூரைக் கிடுகு பறக்கிற காற்றில் அவர்களின் யன்னல் சீலை அசையாமல் தொங்கியது. மாடிப்படியில் ஏறிப் போகிறவர்களின் காலடி மேலே கேட்பதில்லை, மேலே தட்டே போடவில்லை என்று எங்கள் முகாம் மேசன் அடித்துச் சொன்னார். கட்டில் விரிப்பு ஒரு நாளும் கசங்கவில்லை. "ஆக்கள் அதுல படுக்கிறதே இல்லையா?" என்று உம்மா கேட்டார். கிழமை முழுக்க மற்றவர்களிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஜனம், சனிக்கிழமை வந்தால் கொழும்பு ஆட்களுக்குக் கடை நடத்தச் சொல்லிக் கொடுத்தது. வாப்பா அந்த நேரத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டு இருப்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

பிறகு ஒரு சனிக்கிழமை கதாநாயகியின் அறைக்குள்ளே காட்டினார்கள். ஒரு கட்டில், ஒரு கதிரை, மூலையில் இரட்டைக் கதவு போட்ட உயரமான அலுமாரி. அலுமாரியின் நெற்றியில் 786. பொம்பிளைகள் பக்கம் கலகலத்துப் போயிற்று. பிஸ்மில்லாவுக்குரிய எண் அல்லவா, நம்மவர்களில் வீட்டு நிலையிலும் வள்ளத்திலும் லொறியிலும் அதை எழுதாதவர் யார்? "கடைக்காரர் நம்மட ஆள்!" என்று ஒரு மாமி கையைத் தட்டினார். அதுவரை அந்தக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கு அவர் பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

உம்மா மட்டும் கையைத் தட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார். "மகள், அது நம்மட அலுமாரி."

எங்கள் கடையில் கீழ் மண்டபத்தில் நின்ற அலுமாரி அது. அறைகளுக்கு விரிக்கிற வெள்ளை விரிப்பும் தலையணை உறையும் மேல் தட்டுகளில் இருக்கும். கீழ்த் தட்டில் எங்கள் பெருநாள் உடுப்பு. வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்டில் உம்மாதான் அந்த எண்ணை எழுதினார். எட்டு எழுத அவருக்கு வராது. ஒரு முட்டையை வரைந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு அதற்கு மேல் இன்னொரு முட்டையை வைப்பார். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. "கோழிக்கடை எண்டு நினைக்கப் போறானுகள்" என்று வாப்பா பகிடி பண்ணியது எனக்கே நினைவிருக்கிறது. டீவியில் தெரிந்த எட்டும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் மழை பெய்கிற மாதிரிப் புள்ளி விழும், எல்லா எழுத்தும் உடைந்துதான் தெரியும். ஆகவே ஒருவரும் அதை ஏற்கவில்லை.

முதலில் ஏற்காதவர் வாப்பா. "பூட்டிட்டுத்தான் வந்தன்" என்றார். இடுப்புப் பட்டியில் கை வைத்துச் சாவியை எடுத்துக் காட்டினார். "சாவி என்ட கையில இருக்கக்க அலுமாரி எப்பிடிக் கொழும்புக்குப் போகும்?"

"சாவி இஞ்ச இருக்கிறதாலதான் சொல்றன்" என்றார் உம்மா. "அந்த இடப்பக்கக் கதவு சாவி போட்டாத்தான் நிக்கும். இல்லாட்டித் தானாத் திறக்கும், உங்களுக்குத் தெரியாதா? அடியில என்னத்தையோ மடிச்சிச் செருகி வச்சிருக்கானுகள். செருகினது ஒருநாள் விழும். அண்டைக்குப் பாருங்க."

வாப்பா சாவியைத் திரும்ப இடுப்பில் வைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். அவருக்கு அது விளங்காமல் இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அலுமாரி கொழும்பில் நிற்கிறது என்றால் யாரோ எடுத்து விற்றிருக்க வேண்டும், அது நின்ற கடையின் கதவும் உடைந்துதான் இருக்க வேண்டும். சாவியை வைத்துக்கொண்டு, பூட்டியது பூட்டியபடி இருக்கிறதென்று நினைத்துத்தான் அவர் ஒவ்வொரு நாளும் படுத்து எழும்பினார். உம்மாவுக்கோ அலுமாரி உயிரோடு இருக்கிற செய்தி போதும். இருவரும் ஒரே சாமானைத்தான் பார்த்தார்கள், ஒருவருக்கு வயிறு எரிந்தது, மற்றவருக்கு வயிறு குளிர்ந்தது.

அடுத்த கிழமை நடந்ததை நீங்கள் எல்லாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கடைக்காரர் கதாநாயகியின் அறையைத் துப்புரவு செய்ய வருகிறார். மடியில் ஒளித்து வைத்திருந்த சாராயப் போத்தலை எடுத்து ஒரு மிடறு குடிக்கிறார். குடித்துவிட்டு அலுமாரிக்கு மேலே வைக்கிறார், சரியாக 786க்கு மேலே.

"அஸ்தக்ஃபிருல்லாஹ்!" என்று பள்ளிவாசல் தலைவர் எழும்பினார். "எழுநூத்தி எண்பத்தாறு போட்ட கடையில சாராயமா? இவன்ட கடைக்கு நம்மட ஆக்கள் போகப்படாது!" எங்கே இருக்கிற கடைக்கு யார் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. டீவிக்காரருக்கு முறைப்பாடு எழுத வேண்டும் என்று ஒருவர், லொறியில் ஆள் ஏற்றிப் போக வேண்டும் என்று இன்னொருவர். லொறிக்காரர் இரண்டு கையையும் தூக்கி, "அது ரூம் நம்பர், ஹாஜியார்! அந்த ஆக்களுக்கு அது ரூம் நம்பர்!" என்று கத்தினார். அதே நேரம் டீவியில் கடைக்காரரும் ஒரு வேலைக்காரியைக் கூப்பிட்டு, "ஹத்சிய அசூஹய" என்று சிங்களத்தில் எழுநூற்று எண்பத்தாறைச் சொல்லி அந்த அறையைக் காட்டினார். உண்மைதான், நாடகக்காரர் அலுமாரியில் இருந்த எண்ணை அறையின் எண் என்றே நினைத்துவிட்டார்கள். எட்டு அறைகூட இல்லாத விடுதியில் எழுநூற்று எண்பத்தாறாம் நம்பர் அறை! அன்றிலிருந்து எங்கள் கொட்டில்களுக்கெல்லாம் நாங்கள் அதே நம்பரைத்தான் போட்டு விளையாடினோம்.

இந்தக் கூத்துக்கு நடுவில் உம்மா எழும்பி நேரே டீவியிடம் போனார். ஆம்பிளைகள் பக்கத்தால்தான் போனார், முந்தானை நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. "எடுடா அந்தப் போத்தல!" என்று சொல்லி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். டீவி மேசையோடு சரிந்தது. லொறிக்காரர் பாய்ந்து பிடித்தார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாளே புத்தளத்திலிருந்து மாமா வந்தார். உம்மாவுக்கு மூத்த காக்கா, அங்கேயே கல்யாணம் முடித்து இரும்புக்கடை வைத்திருப்பவர். பக்கத்துக் கொட்டில் மாமி ஓதின தண்ணீரை உம்மாவின் தலையில் தெளித்தார். வாசலில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமா நல்ல மனுஷர், அதை நான் மறைக்க மாட்டேன், ஆனால் அன்றைக்கு உம்மாவை ஒன்றும் கேட்காமல் வாப்பாவோடுதான் கதையைத் தொடங்கினார்.

"அவளுக்குக் கொஞ்சம் மூளை கலங்கிட்டு, மச்சான். புள்ள இதெல்லாம் பாத்து வளரப்படாது. நான் கூட்டிட்டுப் போறன். இவ சுகமாகினதும் கொண்டு வந்து விடுறன்."

"எனக்குச் சுகமில்லாமப் போகல்ல" என்றார் உம்மா.

"அலுமாரி எண்டு சொல்றத விடு தங்கச்சி, நான் புள்ளய விட்டுட்டுப் போறன்."

உம்மா என்னைப் பார்த்தார். ஒரு சொல் போதும், நான் அங்கேயே இருந்திருப்பேன். "அது நம்மட அலுமாரிதான் காக்கா" என்றார். எனக்கு அப்போது உம்மாமேல் கோபமான கோபம். என்னைவிட ஒரு பலகை பெரிதா என்று பஸ்ஸில் புத்தளம் போய்ச் சேருமட்டும் அழுதேன். இன்று நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. வீடு, கடை, ஊர் எல்லாம் போன பிறகும் தன் கண்ணால் கண்டதை மட்டும் அந்த மனுஷி விட்டுக் கொடுக்கவில்லை.

மாமா வீட்டில் கலர் டீவி இருந்தது. முதல் சனிக்கிழமையே ஓடிப்போய் முன்னால் இருந்தேன். 786 பச்சை நிறத்தில் இருந்தது. வள்ளத்துப் பச்சை. "உம்மா சொன்ன பச்சை, மாமா!" என்றேன்.

"பச்சை ஊர் முழுக்கக் கெடக்கு, மகள்" என்றார் மாமா. மாமி என் தலையைத் தடவிவிட்டு ஒரு துண்டு தொதல் இனிப்புத் தந்தார்.

அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. மாமா வீட்டுக் கட்டிலில் வெள்ளை விரிப்பு இருந்தது, படுத்தால் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் தூக்கம் வராது. சனிக்கிழமைகளில் நான் கதாநாயகியைப் பார்ப்பதில்லை. அந்த இடப்பக்கக் கதவின் அடியைத்தான் பார்ப்பேன். உம்மா சொன்ன மாதிரியே ஏதோ கடதாசி மட்டை மடித்துச் செருகியிருந்தது. பூட்டு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. விழு, விழு என்று மனசுக்குள் அந்த மட்டையைக் கெஞ்சிக்கொண்டிருப்பேன். அது விழவில்லை. நாடகம் கடைசிக் கிழமைக்கு வந்துவிட்டது.

கடைசிக் கிழமை கதாநாயகி விடுதியை விட்டுப் போகிறாள். புருஷன் வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று ஒரு தரம் அறையைத் திரும்பிப் பார்க்கிறாள். மாமா தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மாமி அழத் தயாராகச் சீலைத் தலைப்பைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது அவளுக்குப் பின்னால் அந்த மட்டை சரிந்தது. கதவு கிறீச்சென்று இழுத்துக்கொண்டு, எங்கள் கடையில் நான் எத்தனையோ தரம் கேட்ட அதே சத்தத்தோடு, மெல்ல மெல்லத் திறந்து முழுக்க விரிந்து நின்றது. நடிகை திடுக்கிட்டாள். அது நடிப்பில்லை, அவள் உண்மையாகவே திடுக்கிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, கிட்டப் போய் உள்ளே பார்த்தாள். மூன்று தட்டும் வெறுமையாக இருந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் அழத் தொடங்கினாள். அந்த நாடகத்தில் அவள் அழுத அழுகைகளில் அது ஒன்றுதான் எங்கள் ஆட்கள் குறை சொல்லாத அழுகை.

மாமாவின் கையில் கிளாஸ் அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஒண்டும் சொல்லல்ல மாமா" என்றேன்.

"தெரியும் மகள். உடுப்ப எடுத்து வை. காலையில போவம்."

நாங்கள் கரைத்தீவில் இறங்கும்போது முகாமே எங்கள் கொட்டில் வாசலில் நின்றது. லொறிக்காரர் கதவு திறந்த விதத்தைக் கையால் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓதின தண்ணீர் தெளித்த மாமி, "நான் அப்பவே சொன்னன்தானே, அவட கண் தப்பாது எண்டு" என்றார். பள்ளிவாசல் தலைவரோ, போத்தலை வைத்த குற்றத்துக்குத்தான் கதவு திறந்து சாட்சி சொன்னது என்றார். உம்மா நடுவில் குந்தியிருந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். "தெரிஞ்ச விஷயம்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு ஆக்கள்?" என்று செதிலைத் தட்டிவிட்டார். ஆனால் பெருநாளுக்குக் கட்டுகிற சீலையைக் கட்டியிருந்தார், அதை நான் கண்டேன். கத்தியை வைத்துவிட்டு, மீன் கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

மாமா மணலில் குந்தினார். "மன்னிச்சுக்க தங்கச்சி. நான் கொழும்புக்குப் போறன். அந்த நாடகக்காரரத் தேடிப் பிடிச்சி, அலுமாரிய லொறியில ஏத்திட்டு வாறன்."

உம்மா என் பக்கம் திரும்பினார். என்னிடம் கேட்டார். "நீ கலர் டீவியிலதானே பாத்த? இஞ்ச டீவியில அலுமாரிக்கு உள்ளுக்கு ஒரே இருட்டு. உள்ள என்ன வச்சிருந்தானுகள்?"

"ஒண்டும் இல்ல உம்மா. வெறும் தட்டு."

"கீழ்த் தட்டுலயும் இல்லையா? ஆருட உடுப்பும் இல்லையா?"

"இல்ல உம்மா."

உம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. தன் வீட்டுக்குள் வேறு யாரும் குடியேறவில்லை என்று கேட்ட மாதிரி இருந்தது. எங்கள் கொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிற கூரை, மணல் தரை, அரிசிச் சாக்கில் தைத்த வாசல் சீலை. அந்த அலுமாரியை அதற்குள் படுக்க வைத்தால்தான் கொள்ளும்.

"வேணாம் காக்கா" என்றார். "அது அங்கேயே நிக்கட்டும். நாமதான் அகதியாப் போனம். அது போகல்ல. அது இன்னும் கடை நடத்துது."

வாப்பா பின்னால் நின்றிருந்தார். உள்ளங்கையில் சாவி. அதை எங்கேயாவது எறிந்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் அதைக் கட்டியிருந்த சாரத்தில் நன்றாகத் துடைத்தார், இடுப்புப் பட்டியில் செருகினார், "ஓம், சாவி நம்மட்டத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்ற அடுப்பைப் பற்றவைத்தார்.